பூட்டிய கதவும் புகுந்த வழியும்

தன் வீட்டுக் கதவைத் தாளிட்டுக் கொள்ளும் உரிமை ஒவ்வொரு மனிதனுக்கும் உண்டு. அந்தத் தாள் வலுவுள்ளதா, வலுவற்றதா என்பது வேறு விஷயம். தாளிட்டவனுடைய எண்ணம், தன் அனுமதியின்றி ஒருவரும் உள்ளே வரலாகாது என்பதே. வலுவற்ற தாளைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்த ஒருவன், "கதவு சரியாகச் சாத்தப்படவில்லை, ஆகையால் புகுந்தேன்" என்று சொல்வானாயின் அதை எந்த நியாயஸ்தலமும் ஒப்புக்கொள்ளாது, ஊரும் ஒப்புக்கொள்ளாது. ஆனால் இந்தச் சாமானிய நியாயம் இணையம் என்னும் புதிய ராஜ்யத்தில் செல்லுபடியாகிறதா? இதுவே இன்று நாம் கேட்க விரும்பும் கேள்வி.

இக்கேள்வி கற்பனையில் எழுந்ததன்று. 2012-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 17-ந் தேதி அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையில் ஒரு செய்தி வெளியாயிற்று. ஆப்பிள் கம்பெனியாரின் சஃபாரி என்னும் உலாவியில், அந்நியர் குறியிடுவதைத் தடுக்கும் ஒரு பாதுகாப்பு இருந்தது. கூகுள் கம்பெனியார் ஓர் உபாயம் செய்து அந்தப் பாதுகாப்பைக் கடந்து, லக்ஷக்கணக்கான ஜனங்களின் ஐபோன்களிலும் கம்ப்யூட்டர்களிலும் தங்கள் விளம்பரக் குறியைப் பதித்துவிட்டார்கள் என்பதே அச்செய்தி. இதைக் கண்டுபிடித்தவர் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஜோனதன் மேயர். அந்தப் பத்திரிகைக்காகச் செய்யப்பட்ட சோதனையில், ஜனங்கள் மிகுதியாகச் செல்லும் 100 இணையதளங்களில் 22-ன் விளம்பரங்கள் சோதனைக் கம்ப்யூட்டரில் இக்குறியை இட்டது தெரியவந்தது.

அதற்குப் பின் ஒரு தசாப்தத்துக்கு மேல் கடந்துவிட்டது. அபராதம் விதிக்கப்பட்டது, வழக்குகள் நடந்தன, தீர்ப்புகளும் வந்தன. முடிந்துபோன விவகாரத்தைக் கிளறுவானேன் என்று சிலர் கேட்கலாம். விவகாரம் முடிந்தது உண்மை. அது எழுப்பிய பிரச்னை முடியவில்லை என்பதே நம் அபிப்பிராயம். அதை விளக்குமுன், குக்கி என்னும் வஸ்து எத்தகையது என்பதைச் சுருக்கமாகச் சொல்லுதல் அவசியம்.

குக்கி என்பது என்ன?

இணையதளத்திற்கு ஞாபகசக்தி கிடையாது. நாம் ஒரு பக்கத்தைக் கேட்கிறோம். தளம் அதை அனுப்புகிறது. அனுப்பிய மறுகணமே நம்மை மறந்துவிடுகிறது. அடுத்த பக்கத்தைக் கேட்கும்பொழுது நாம் அதற்குப் புதிய மனிதர். படிப்பதற்கு மட்டும் இது போதும். கடையில் சாமான் வாங்கவோ, பாங்கிக் கணக்கைப் பார்க்கவோ இது உதவாது. இந்தக் குறையைத் தீர்க்க 1994-ம் வருஷத்தில் நெட்ஸ்கேப் கம்பெனியைச் சேர்ந்த லூ மான்டுல்லி என்பவர் ஒரு வழி கண்டார். முதல் தடவை வரும்போது தளம் ஒரு சிறு குறியை நம் உலாவியிடம் கொடுத்து வைக்கும். அதன் பிறகு நாம் அத்தளத்திற்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் உலாவி அந்தக் குறியைக் காட்டும். இந்தக் குறிக்கே குக்கி என்று பெயர்.

சலவைக்காரர் துணியின் ஓரத்தில் இடும் குறியை நம் வாசகர்கள் அறிவார்கள். நமக்கு அது வெறும் புள்ளியும் கோடும். சலவைக்காரருக்கோ அது இன்ன தெரு, இன்ன வீடு என்று சொல்லிவிடும். குக்கியும் அத்தகையதே. அதில் நம் பெயர் எழுதியிருக்க வேண்டுவதில்லை. குறியை இட்டவனுக்கு அதன் பொருள் தெரிந்தால் போதும்.

இதிலிருந்து இரண்டு அபாயங்கள் பிறக்கின்றன. முதலாவது, குறியைத் திருடியவன் நாமாகவே நடிக்கலாம். ஒருமுறை ரகசியச் சொல்லைக் கொடுத்து உள்ளே சென்றபின், தளம் நம்மை அடையாளம் காண்பது குக்கியைக் கொண்டுதான். 2010-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்ற சிறு கருவியை வெளியிட்டு இதை நிரூபித்தார். பொது இடத்திலுள்ள கம்பியில்லா இணைப்பில் பிறருடைய குக்கிகளைப் பிடித்து, அவர்களுடைய கணக்குகளில் ஒரே சொடுக்கில் நுழைய முடியும் என்று அது காட்டியது. அதன் பின்னரே பெரிய தளங்கள் பல, எல்லாப் பக்கங்களையும் சங்கேத மொழியில் அனுப்பத் தொடங்கின. இரண்டாவது அபாயம் திருட்டன்று, வேவு. இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அதைப்பற்றியதே.

அந்நியன் இடும் குறி

நாம் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறோம். பக்கம் அந்தத் தளத்தினுடையது. ஆனால் ஓரத்திலுள்ள விளம்பரம் வேறொரு கம்பெனியிடமிருந்து வருகிறது. விளம்பரத்தைக் கொண்டுவந்து வைக்கும் சாக்கில் அந்தக் கம்பெனியும் தன் குறியை இட்டுவிடுகிறது. பிறகு நாம் சமையற் குறிப்புத் தளத்திற்குச் செல்கிறோம். அங்கும் அதே கம்பெனியின் விளம்பரம். வியாதியைப்பற்றி விசாரிக்கச் செல்கிறோம், அங்கும் அதுவே. ஒவ்வோர் இடத்திலும் நம் உலாவி அதே குறியைக் காட்டுகிறது. கடைத்தெருவில் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரே முதலாளியின் கணக்குப்பிள்ளை உட்கார்ந்துகொண்டு, இன்னார் இன்ன நேரத்தில் இங்கே நுழைந்தார், இன்னதைப் பார்த்தார் என்று எழுதிக்கொண்டே இருந்தால் எப்படியோ, அப்படியே இது. நாம் அந்த முதலாளியின் வாடிக்கைக்காரரல்ல. அவர் முகத்தைக் கண்டதுமில்லை. அவரோ நம் பழக்கவழக்கங்கள் அனைத்தையும் அறிவார்.

இந்த அபாயம் பின்னால் தெரிந்ததன்று, ஆரம்பத்திலேயே தெரியும். 1996-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் லண்டன் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை குக்கியைப்பற்றி எழுதியபொழுதுதான் பொதுஜனங்கள் அதைக் கேள்விப்பட்டார்கள். 1997-ம் வருஷம் பிப்ரவரியில் இணையத்தின் நியமங்களை வகுக்கும் நிபுணர்கள் குக்கிக்கு முதல் விதிகளை வெளியிட்டார்கள். ஜனங்கள் தாமாகவே இசைந்தாலன்றி அந்நியர் குக்கியை உலாவி ஏற்கலாகாது என்பது அவர்களுடைய கருத்து. அக்காலத்தில் உலாவி உலகை ஆண்ட நெட்ஸ்கேப்பும் மைக்ரோஸாப்டும் அதை அனுசரிக்கவில்லை. கதவு திறந்தே இருக்கும், வேண்டாதவர் தேடிப் பிடித்துச் சாத்திக்கொள்ளட்டும் என்பதே வழக்கமாயிற்று. கோடிக்கணக்கான டாலர் பெறும் விளம்பர வியாபாரம் இந்தத் திறந்த கதவின் மேல் எழுந்தது.

சஃபாரி இதற்கு விலக்காக நின்றது. அந்நியர் குக்கியை மறுப்பதே அதன் இயல்பான ஏற்பாடு. அதை உபயோகிப்பவர் எதையும் மாற்ற வேண்டுவதில்லை. கதவு முன்னமே சாத்தியிருக்கும்.

விதிவிலக்கு என்னும் ஓட்டை

சாத்திய கதவிலும் சில விதிவிலக்குகள் இருந்தன. அந்நியத் தளத்தின் ஒரு படிவத்தை ஜனங்கள் தாமே பூர்த்தி செய்து அனுப்பினால், அவர்கள் அத்தளத்துடன் விவகாரம் வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள் என்று சஃபாரி கருதி, அதன் குக்கியை ஏற்கும். இது நியாயமான ஏற்பாடே. மற்றொரு விதிவிலக்கு, ஒரு தளத்தின் குக்கி ஒன்று ஏற்கெனவே உள்ளே இருந்தால் அத்தளம் மேற்கொண்டு இடும் குக்கிகளையும் அனுமதிப்பது. வாசலில் அறிமுகமானவரை இரண்டாம் முறை வழிமறிக்க வேண்டாம் என்பது போன்றது இது.

கூகுள் கம்பெனியாரின் விளம்பரப் பிரிவாகிய டபிள்கிளிக் செய்தது என்ன? விளம்பரத்திற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பக்கத்தை வைத்தார்கள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு படிவம். எதிரே உள்ள உலாவி சஃபாரியாயிருந்தால், அந்தப் படிவம் தானே தன்னை அனுப்பிக்கொள்ளும். மனிதன் தொடவில்லை, பார்க்கவுமில்லை. சஃபாரியோ, "இவர் படிவம் அனுப்பினார், இந்தத் தளத்துடன் விவகாரம் உள்ளவர்" என்று நம்பிக் கதவைத் திறந்துவிட்டது. ஒரு குக்கி உள்ளே சென்றது. சென்றதும் இரண்டாவது விதிவிலக்கு வேலை செய்தது. முதற் குக்கி எந்தக் காரியத்துக்காக வந்ததோ, அதற்குச் சம்பந்தமில்லாத வேவுக் குக்கியும் அதன் பின்னாலேயே நுழைந்துவிட்டது.

இந்தத் தந்திரத்தின் தன்மையை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பூட்டை உடைத்தல் ஒருவகை. வீட்டுக்காரருடைய குரலில் பேசி வேலைக்காரனைக் கொண்டே கதவைத் திறக்கச் செய்தல் மற்றொரு வகை. இங்கே நடந்தது இரண்டாவது. ஜனங்கள் செய்யாத செய்கையை அவர்கள் செய்ததாகக் காட்டி, அவர்கள் கொடுக்காத சம்மதத்தை அவர்கள் பெயரால் உண்டாக்கினார்கள். ஓட்டை சஃபாரியினுடையது என்பது மெய். பொய்யான சம்மதம் சஃபாரியினுடையதன்று.

இதைவிட வியப்பான விஷயம் ஒன்றுண்டு. சஃபாரிக்கு ஆதாரமான மென்பொருள் எவரும் திருத்தம் கூறத்தக்க பொதுச்சொத்து. இந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் செய்தி வெளியாவதற்குப் பல மாதங்கள் முன்பே அதில் சேர்க்கப்பட்டிருந்தது. அதைக் கையாண்டவர்கள் கூகுளிலேயே பணிபுரிந்த இரண்டு எஞ்சினியர்கள் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. ஒரே கம்பெனியின் ஒரு கை ஓட்டையை அடைத்தது. மற்றொரு கை அதே ஓட்டையின் வழியாக நுழைந்தது. பெரிய ஸ்தாபனங்களில் ஒரு பிரிவார் செய்வது மறுபிரிவாருக்குத் தெரியாமற் போவது சகஜமே. ஆனால் அதன் நஷ்டம் யார் தலையில் விடிகிறது? கம்பெனியின் தலையிலன்று, ஒன்றுமறியாத ஜனங்களின் தலையில்.

கம்பெனியாரின் சமாதானம்

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்பது நம் கடமை. கூகுள் கம்பெனியார் சொன்னவற்றின் சாரம் இது: 2011-ம் வருஷத்தில் தங்கள் சமூகத் தளத்தின் பொருட்டு, விளம்பரங்களின் மேல் ஒரு பொத்தானைத் தாங்கள் வைத்ததாகவும், தங்களிடம் கணக்கு வைத்து உள்நுழைந்திருந்தவர்களுக்கு அது வேலை செய்ய வேண்டுமென்றே இந்த ஏற்பாட்டைச் செய்ததாகவும், சஃபாரியில் எல்லோரும் அறிந்த ஒரு வழியையே உபயோகித்ததாகவும், மற்றக் குக்கிகளும் உடன் நுழையும் என்பதைத் தாங்கள் எதிர்பார்க்கவில்லையென்றும், சொந்த விவரம் எதையும் அந்தக் குக்கிகள் திரட்டவில்லையென்றும் கூறினார்கள்.

இச்சமாதானத்தில் ஒரு பகுதியை நாம் ஏற்கத் தயார். வேவுக் குக்கி உடன் நுழைந்தது எதிர்பாராததாயிருக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத படிவம் எதிர்பாராமல் உண்டாவதில்லை. அதை ஒருவர் உட்கார்ந்து எழுதினார், சஃபாரிக்கென்றே எழுதினார். எல்லோரும் அறிந்த வழி என்பதும் சமாதானமாகாது. ஊர்க் குளத்தின் கரையில் உடைப்பு இருப்பதை எல்லோரும் அறிவார்கள் என்பதனால், அதன் வழியே தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்ள ஒருவனுக்கு உரிமை வந்துவிடுமா?

இதற்கு மேலும் ஒன்றுண்டு. விளம்பரக் குறி வேண்டாமென்று நினைப்பவர் என்ன செய்ய வேண்டுமென்று கூகுளின் உதவிப் பக்கம் ஒன்று விளக்கியிருந்தது. சஃபாரியை உபயோகிப்பவர் எதுவும் செய்ய வேண்டாம், சஃபாரியின் இயல்பான ஏற்பாடே போதும் என்னும் பொருளில் அங்கே எழுதியிருந்தார்கள். பத்திரிகையார் விசாரித்தபின் அந்த வாசகம் மறைந்தது. அந்தப் படிவத் தந்திரமும் நிறுத்தப்பட்டது. "உங்கள் கதவு பத்திரமானது, கவலையின்றித் தூங்குங்கள்" என்று சொன்னவரே அக்கதவின் வழியாகப் புகுந்தார் என்றால், அதைத் தொழில்நுட்பப் பிசகு என்று மட்டும் எப்படிச் சொல்வது?

அபராதமும் அதன் கனமும்

அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் இந்த வாசகத்தைத்தான் பிடித்துக்கொண்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2011-ம் வருஷம் அக்டோபரில், பஸ் என்னும் மற்றொரு சேவை பற்றிய வழக்கில் கூகுள் கம்பெனி ஓர் உடன்படிக்கைக்கு உட்பட்டிருந்தது. ஜனங்களின் அந்தரங்கத்தைப்பற்றித் தவறான உறுதி சொல்வதில்லை என்பது அதன் ஒரு ஷரத்து. அது மீறப்பட்டது என்று கமிஷன் குற்றஞ் சாட்டி, 2012-ம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி 2 கோடியே 25 லக்ஷம் டாலர் அபராதத்தை அறிவித்தது. கமிஷனின் உத்தரவொன்றை மீறியதற்காக அதுவரை விதிக்கப்பட்ட அபராதங்களில் இதுவே மிகப் பெரியது.

மிகப் பெரியது என்ற சொல்லைக் கேட்டு நாம் மயங்கலாகாது. 2011-ம் வருஷத்தில் அந்தக் கம்பெனியின் மொத்த வரும்படி சுமார் 3,790 கோடி டாலர். கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த அபராதம் அவர்களுடைய ஏறக்குறைய ஐந்து மணி நேர வரும்படி! காலையில் காரியாலயம் திறந்து மத்தியானச் சாப்பாட்டிற்கு எழுவதற்குள் ஈட்டிவிடக்கூடிய தொகை. சாமானிய மனிதனுக்கு அரைநாட் கூலியை அபராதமாக விதித்து, இனித் தவறு செய்யாதே என்று எச்சரிப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

தொகை மட்டுமன்று, நிபந்தனைகளும் யோசிக்கத்தக்கவை. கம்பெனியார் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. மறுத்துக்கொண்டே பணம் செலுத்தினார்கள். குற்றத்தை மறுப்பவரிடம் பணத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடுவது சரியல்லவென்று கமிஷனர்களில் ஒருவராகிய தாமஸ் ராஷ் மாறுபட்டார்; மற்ற நால்வரும் இசைந்ததால் ஏற்பாடு நிறைவேறிற்று. இட்ட குக்கிகளைச் செயலறச் செய்ய வேண்டுமென்று உத்தரவு கூறிற்று. அவற்றைக் கொண்டு திரட்டிய விவரங்களை அழிக்க வேண்டுமென்று கூறவில்லை. இதைக் கன்ஸ்யூமர் வாட்ச்டாக் என்னும் பொதுஜன சங்கத்தார் ஆக்ஷேபித்தும், 2012-ம் வருஷம் நவம்பரில் நீதிபதி ஸூஸன் இல்ஸ்டன் ஏற்பாட்டை அங்கீகரித்தார். மறு வருஷம் நவம்பரில் 37 மாகாணங்களுக்கும் தலைநகர்ப் பிரதேசத்துக்கும் 1 கோடியே 70 லக்ஷம் டாலர் கொடுத்து அவர்களுடைய புகாரையும் கம்பெனியார் தீர்த்துக்கொண்டார்கள். புகுந்தவன் வெளியேறினான், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தானா என்பதை ஒருவரும் கேட்கவில்லை.

லண்டன் நியாயஸ்தலத்தில்

இங்கிலாந்தில் விவகாரம் வேறு விதமாக நடந்தது. தங்கள் சஃபாரியில் குறியிடப்பட்ட சிலர் தொடுத்த வழக்கில், 2015-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அப்பீல் கோர்ட்டு முக்கியமான தீர்ப்பொன்றைக் கூறிற்று. பண நஷ்டம் இல்லாவிட்டாலும், அந்தரங்கம் மீறப்பட்டதால் உண்டான மனவேதனைக்கு நஷ்ட ஈடு கேட்கலாம் என்பது அத்தீர்ப்பு. அந்தரங்கத்தின் மதிப்பு ரூபாய் அணாவில் அடங்குவதன்று என்பதை அது ஒப்புக்கொண்டது. நாம் அதைப் போற்றுகிறோம்.

இதைக் கண்டு உற்சாகமடைந்து, 2017-ம் வருஷத்தில் ரிச்சர்டு லாயிடு என்பவர் மேலும் பெரிய முயற்சி செய்தார். 2011 ஆகஸ்டு முதல் 2012 பிப்ரவரி வரை ஐபோன் வைத்திருந்த 40 லக்ஷத்திற்கு மேற்பட்டவர்களின் சார்பாக, தாம் ஒருவரே நின்று கூகுளின் மேல் வழக்குத் தொடுத்தார். ஐகோர்ட்டு தள்ளிற்று, அப்பீல் கோர்ட்டு ஏற்றது, கடைசியாக 2021-ம் வருஷம் நவம்பர் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஏகமனதாகக் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. 1998-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, தன் விவரங்களின் மேல் தனக்குள்ள ஆதிக்கம் போய்விட்டதென்பது மட்டும் நஷ்ட ஈட்டிற்குப் போதாது. ஒவ்வொருவருக்கும் என்ன நஷ்டம், என்ன வேதனை என்று தனித்தனியே ருஜுப்படுத்த வேண்டும் என்றார்கள் நீதிபதிகள்.

சட்டத்தின் எழுத்துப்படி இது சரியாயிருக்கலாம். நீதிபதிகளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அதன் விளைவை மட்டும் பாருங்கள். ஒரு மனிதனுக்கு ஆயிரம் ரூபாய் நஷ்டம் செய்தவன் கோர்ட்டுக்கு இழுக்கப்படுவான். 40 லக்ஷம் பேருக்குத் தலைக்குச் சிறிது நஷ்டம் செய்தவன் தப்பித்துக்கொள்வான். ஏனெனில் ஒவ்வொருவரும் தம் பங்கை ருஜுப்படுத்தும் செலவு அந்தப் பங்கைவிடப் பன்மடங்கு பெரிது. சில்லறையாகச் செய்தால் குற்றம், மொத்தமாகச் செய்தால் வியாபாரம் என்றாகிறது.

பூட்டுச் செய்பவர் யார்?

ஓட்டை இல்லாத பூட்டு உலகில் இல்லை. இதை நாம் மறுக்கவில்லை. 2002-ம் வருஷத்தில் மைக்ரோஸாப்டு கம்பெனியார் குக்கிக்கு ஒரு புதிய காப்புச் செய்தார்கள். பக்கத்தினுள் ஓடும் நிரல் குக்கியைப் படிக்க முடியாதபடி அதற்கு முத்திரையிட்டார்கள். 2003 ஜனவரியிலேயே ஜெரமையா கிராஸ்மன் என்பவர் அதைக் கடக்கும் வழியைக் காட்டினார். தனக்கு வந்த கோரிக்கையை அப்படியே திருப்பி ஒப்பிக்கும் ஒரு வழக்கம் பல தளங்களுக்கு இருந்தது. கோரிக்கையுடன் சென்ற குக்கியும் அந்த ஒப்புவிப்பில் வெளிப்பட்டுவிடும். 2009 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியிலும் அதே முத்திரையைக் கடக்கும் மற்றொரு வழி அடைக்கப்பட்டது. 2018-ம் வருஷத்தில் பெல்ஜியத்தின் லூவன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 7 உலாவிகளையும், அவற்றோடு சேர்க்கும் 46 காப்புக் கருவிகளையும் சோதித்தார்கள். குக்கியைத் தடுப்பதாகச் சொல்லும் ஏற்பாடுகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஏதேனும் ஒரு வழியில் கடக்க முடியும் என்று கண்டார்கள்.

இவர்கள் செய்ததையும் டபிள்கிளிக் செய்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இருசாராருடைய அறிவும் ஒன்றே. கண்ட ஓட்டையும் ஒரே வகை. ஆராய்ச்சியாளர் ஓட்டையைக் கண்டவுடன் உலாவி செய்பவரிடம் சொல்லி அடைக்கச் செய்தார். வியாபாரி அதன் வழியாக நுழைந்தார். ஓட்டை இருப்பது குற்றமன்று. அதைக் கண்டவன் என்ன செய்கிறான் என்பதில்தான் யோக்கியதை இருக்கிறது.

இவ்விவகாரத்திற்குப் பின் உலாவிகள் திருந்தின. ஆப்பிள் கம்பெனியார் 2017-ம் வருஷத்திலிருந்து வேவுக் குக்கிகளை மேலும் கட்டுப்படுத்தி, 2020 மார்ச்சில் அந்நியர் குக்கிகள் அனைத்தையும் மறுத்துவிட்டார்கள். விதிவிலக்குக்கே இடம் வைக்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 2019 செப்டம்பரிலிருந்து, தெரிந்த வேவுக்காரரின் குக்கிகளை எல்லோருக்கும் இயல்பாகவே தடுத்தது. உலகில் பாதிப்பேருக்கு மேல் உபயோகிக்கும் குரோம் உலாவியோ கூகுளுடையது. இரண்டு வருஷத்திற்குள் அந்நியர் குக்கியை ஒழிக்கப்போவதாக 2020 ஜனவரியில் அறிவித்தார்கள். தவணை மேல் தவணை சொன்னார்கள். 2024 ஜூலையில் ஒழிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். 2025 ஏப்ரலில், இதற்கெனத் தனியாக ஜனங்களைக் கேட்கும் ஏற்பாடும் இல்லை என்றார்கள். போட்டிக் கம்பெனிகளின் ஆக்ஷேபமும் சர்க்கார் விசாரணைகளும் இதற்குக் காரணங்களென்று சொல்லப்பட்டன. அவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் டபிள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்கியதும் கூகுளே. வாங்கி முடித்த அதே 2008-ம் வருஷத்தில் குரோமை வெளியிட்டதும் கூகுளே. பூட்டுச் செய்பவரே உள்ளே நுழைவதால் லாபமடைபவராயிருந்தால், பூட்டு எவ்வளவு உறுதியாயிருக்கும் என்பதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

நாம் செய்ய வேண்டியது

இதே உலாவிகளைத்தான் நம் நாட்டாரும் நாள்தோறும் உபயோகிக்கிறார்கள். அந்தரங்கம் பிறப்புரிமைகளில் ஒன்று என்று நமது சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ம் வருஷத்தில் பார்லிமெண்டு சொந்த விவரங்களைக் காக்கும் சட்டத்தை இயற்றியது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. சம்மதம் என்பது சுதந்திரமாகவும், விஷயம் தெரிந்தும், நிபந்தனையின்றியும், தெளிவான ஒரு செய்கையாலும் கொடுக்கப்பட வேண்டுமென்று அச்சட்டம் கூறுகிறது. நல்ல வார்த்தைகள். ஆனால் அந்தத் தெளிவான செய்கையையே கண்ணுக்குத் தெரியாத படிவம் ஒன்று நடித்துக் காட்டிவிட்டால் என்ன செய்வது? சஃபாரி விவகாரம் சட்டத்தை நடத்துவோருக்குப் போதிக்கும் முதற் பாடம் இதுவே. சம்மதம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தால் போதாது. அதைக் கொடுத்தது மனிதனா, நிரலா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது பாடம் தண்டனையைப்பற்றியது. நமது சட்டம் அபராதத்திற்கு ரூபாயில் உச்சவரம்பு வைத்திருக்கிறது. காப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை, மற்றச் சாமானிய மீறல்களுக்கு 50 கோடி ரூபாய் வரை. ஐரோப்பாவில் 2018-லிருந்து அமலிலுள்ள சட்டமோ, கடுமையான மீறலுக்கு உலக முழுவதிலுமுள்ள வருஷ வரும்படியில் நூற்றுக்கு 4 வரை விதிக்க இடந்தருகிறது. அந்த அளவுகோலால் 2011-ம் வருஷ வரும்படியை அளந்தால், உச்ச அபராதம் அமெரிக்கக் கமிஷன் விதித்ததைப்போல் சுமார் 67 மடங்காகும். சிறிய வியாபாரியை நசுக்கும் தொகை பெரிய கம்பெனிக்குக் கைச்செலவு. வரும்படிக்குத் தக்க தண்டனையே இருவருக்கும் சமமான தண்டனை. தவறான வழியில் திரட்டிய விவரங்களை அழிக்கச் செய்வதும் ஒவ்வோர் உத்தரவிலும் கட்டாயமாயிருக்க வேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம்.

சட்டம் வரும்வரை ஜனங்கள் சும்மா இருக்க வேண்டுவதில்லை. உலாவியின் புதிய பதிப்பு வந்தவுடன் தாமதமின்றி ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய ஓட்டைகள் அடைபடுவது அதனால்தான். அமைப்புகளைத் திறந்து, அந்நியர் குக்கியைத் தடுக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்து அதை இயக்குங்கள். பொதுக் கம்ப்யூட்டரில் காரியம் முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறத் தவறாதீர்கள். எந்த உலாவியை உபயோகிக்கிறோம், அதைச் செய்பவருக்கு எதனால் வரும்படி வருகிறது என்று ஒருமுறையாவது யோசியுங்கள். இவை சிறு காரியங்களே. ஆனால் தன் கதவைத் தானே சோதித்துப் பார்க்காதவனுக்குக் காவற்காரனும் அதிக உதவி செய்ய முடியாது.

வேண்டாம் என்று ஒருவன் சொன்ன சொல்லுக்கு மதிப்பு உண்டா, இல்லையா? சஃபாரி விவகாரத்தின் சாரம் இந்த ஒரு கேள்விதான். படிவம், நிரல், குக்கி எல்லாம் அதன் மேலுள்ள உறைகள். அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பதும் மறுப்பதும் கம்பெனியாரின் தயவைப் பொறுத்ததாயிருக்கும்வரை அது உரிமையாகாது. ஜனங்களின் விழிப்பும், அதற்கு அஞ்சி நடக்கும் சட்டமும் சேர்ந்தே அதை உரிமையாக்க வேண்டும்.